பஷ்மினா: ஆடு இருக்கிறது, மேய இடம்?

1846 மார்ச்சில் அமிர்தசரஸில் ஆங்கிலேயருக்கும் ஜம்முவின் குலாப் சிங்குக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தொகைதான். 75 லட்சம் ரூபாய்க்குக் காஷ்மீர் கைமாறியது. அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்கிலேய அரசின் மேலாண்மையை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மகாராஜா ஆண்டுதோறும் ஒரு குதிரை, நல்ல இனத்தைச் சேர்ந்த சால்வை ஆடுகள் (பஷ்மினா ரோமம் தரும் ஆடுகள்) 12, காஷ்மீர்ச் சால்வை மூன்று ஜோடி கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஆடுகளில் ஆறு கிடா, ஆறு பெட்டையாக இருக்க வேண்டும் என்றும் குறித்திருக்கிறார்கள். வெறும் கப்பமாக இருந்தால் கிடாவையும் பெட்டையையும் சரிபாதியாகக் கேட்டிருக்க மாட்டார்கள். பட்டி போட்டுப் பெருக்க நினைத்தவர்கள் எழுதிய வாசகம் இது என்றுதான் எனக்குப் படுகிறது.

1884-ல் இரு தரப்பும் பேசி இந்த ஆடுகளைக் கைவிட்டார்கள். ஆட்டுக்குப் பதிலாக லடாக்கின் லே நகரிலிருந்து வந்தபடியே உள்ள சுத்தம் செய்யாத ரோமம் 10 பவுண்டு, தரம் பிரித்த கறுப்பு, சாம்பல், வெள்ளை ரோமம் தலா 4 பவுண்டு, கொஞ்சம் நூல் என்று மாற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு முன்பே முயன்று பார்த்துவிட்டார்கள். தெர்னோ என்ற ஜவுளி முதலாளி 1818-19-ல் ஜோபேர் என்ற கீழைமொழி அறிஞரை அனுப்பி, ரஷ்யப் புல்வெளிப் பக்கமிருந்து ஆடுகளை வாங்கிக் கப்பலேற்றி பிரான்சுக்குக் கொண்டுவரச் செய்தார். ஆடுகள் வந்து சேர்ந்தன. காஷ்மீருக்குப் போட்டியாக ஒரு ரோமத் தொழில் அங்கே எழும்பவில்லை.

ஆட்டைக் கொண்டுபோனால் போதும் என்ற நினைப்பு எங்கே பிசகுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த ஆடு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

லடாக்கின் கிழக்கே, திபெத்தை ஒட்டி விரியும் சாங்தாங் பீடபூமியின் பெரும்பகுதி 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். மரம் கிடையாது. மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி வரை, சில இடங்களில் அதற்கும் கீழே இறங்கும். காற்று ஓயவே ஓயாது. புல் முளைப்பது கோடையில் சில மாதங்கள் மட்டும், அதுவும் விரல் உயரத்துக்கு. இங்கே சாங்பா என்னும் நாடோடி மேய்ப்பர்கள் வளர்ப்பதுதான் சாங்தாங்கி ஆடு. உள்ளூரில் சாங்ரா என்பார்கள். உடல் சிறியது, கால் குட்டை, கொம்பு வெளிப்பக்கம் வளைந்து நீண்டிருக்கும். பெரும்பாலும் வெள்ளை நிறம். எந்தச் சாயமும் ஏறும் என்பதால் வெள்ளைக்குத்தான் சந்தையில் மதிப்பு. கறுப்பும் சாம்பலும் பழுப்பும் மந்தைக்கு மந்தை கலந்திருக்கும்.

இந்த ஆட்டின் மேல் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. வெளியே தெரிவது நீண்டு தொங்கும் முரட்டு மயிர். அதைக் கையால் விலக்கினால் தோலை ஒட்டிப் பஞ்சுபோல ஓர் அடிமயிர் தெரியும். அதுதான் பஷ்ம். அதில் நூற்று நெய்வதுதான் பஷ்மினா. இரண்டும் தோலில் வெவ்வேறு வகை மயிர்க்கால்களிலிருந்து வருகின்றன. ஜூன் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதும் அடிமயிர் வளர ஆரம்பிக்கிறது. டிசம்பர் கடைசியில், இரவு மிக நீண்டிருக்கும் நாட்களோடு வளர்ச்சி நிற்கிறது. வசந்தத்தில் தானாகத் தளர்ந்து உதிரும். அதாவது ஆட்டின் உடல் குளிரை எதிர்பார்த்து, குளிர் வரும் முன்பே உள்ளாடை தைத்துக்கொள்கிறது. அந்த இழையின் விட்டம் 12 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மனிதத் தலைமயிர் பொதுவாக 50 மைக்ரானுக்கு மேல். எந்த நாட்டு ஆட்டின் அடிமயிரானாலும் உலகச் சந்தையில் காஷ்மீர் ரோமம் (cashmere) என்று விற்பதற்கு அமெரிக்கச் சட்டம் 19 மைக்ரான் சராசரி வரை அனுமதிக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் சாங்தாங்கின் நுண்மை எந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும்.

வம்சம் பாதி, இடம் பாதி. பகல் நீளம் எங்கும்தான் மாறுகிறது, ஆனால் இத்தனை குளிரும் இத்தனை அரைப்பட்டினியும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. நன்றாகத் தீவனம் தின்று கொழுத்த ஆட்டின் இழை சற்றே தடித்துப்போகும் என்பது ரோமத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய செய்தி. இந்தியாவில் பஷ்மினா தரும் இன்னொரு இனமான சேகு ஆடும் இமாச்சலத்தின் ஸ்பிதி, கின்னௌர் போன்ற உயர்ந்த, குளிர்ந்த பகுதிகளில்தான் இருக்கிறது.

ரோமம் எடுக்கும் காலம் கோடைத் தொடக்கம். செம்மறிக்குப் போடுவது போலக் கத்தரி போட்டால் முரட்டு மயிரும் சேர்ந்து வந்துவிடும். எனவே சீவித்தான் எடுக்கிறார்கள். ஆட்டைத் தரையில் சாய்த்துக் கால்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். நுனி வளைந்த கம்பிகள் கொண்ட சீப்பைக் கழுத்திலிருந்து பின்பக்கம் நோக்கி இழுப்பார்கள். முதலில் தூசியும் சருகும் வரும். அப்புறம் சீப்பின் பற்களுக்கிடையே சாம்பல் படிந்த ஒரு மெத்தை சேரும். அதை உருவி எடுத்துச் சாக்கில் போட்டுவிட்டு மறுபடி சீவல். ஆடு கத்தும், திமிறும். அடிமயிர் சரியாகத் தளர்ந்த நாளில் சீவினால் அதிகம் வலிக்காது, முந்திவிட்டால் தோல் இழுபடும், பிந்திவிட்டால் பாறையிலும் முட்செடியிலும் உரசி ஆடே பாதியை உதிர்த்திருக்கும். எந்த ஆடு எந்த வாரத்தில் பதமாகும் என்று பார்க்கத் தெரிவதுதான் மேய்ப்பரின் வித்தை.

இப்படி ஓர் ஆட்டில் ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 200 முதல் 300 கிராம். அதிலும் முரட்டு மயிர், அழுக்கு, எண்ணெய்ப் பசை எல்லாம் போக நூற்கத் தகுதியானது பாதிக்கும் குறைவு. சாதாரண அளவுள்ள ஒரு சால்வைக்கு இரண்டு மூன்று ஆடுகளின் முழு ஆண்டு உழைப்பு வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மாமல்லபுரத்திலும் 500 ரூபாய்க்குப் பஷ்மினா என்று நீட்டப்படும் துணியை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்த்தாலே போதும். அது பெரும்பாலும் விஸ்கோஸ் அல்லது பாலியஸ்டர். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவதெல்லாம் வித்தை காட்டுவதுதான், மெல்லிய எந்தத் துணியும் நுழையும்.

இவ்வளவு சின்ன விளைச்சலுக்காக அரசுகள் சண்டை போட்டிருக்கின்றன என்பதுதான் இந்தக் கதையின் வினோதம். 1679-ல் தொடங்கிய திபெத்–லடாக் போரில் லடாக் மன்னர் காஷ்மீரிலிருந்த முகலாயப் படையின் உதவியை நாடினார். உதவிக்கு விலை இருந்தது. 1684-ன் திங்மோஸ்காங் உடன்படிக்கையின்படி மேற்குத் திபெத்தில் விளையும் நுண்ரோமம் லடாக் வழியாக மட்டுமே வெளியே போக வேண்டும், அங்கிருந்து காஷ்மீர் வியாபாரிகளுக்கு மட்டுமே போக வேண்டும் என்று ஆயிற்று. மேய்ப்பர் யாருக்கு விற்கலாம் என்பதை அவரைக் கேட்காமல் தீர்மானிக்கும் வழக்கம் இப்படி எழுத்தில் ஏறியது. 1820-களில் லே நகரில் தங்கியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராஃப்ட் இந்த வணிகத்தைத் துருவித் துருவி எழுதிவைத்தார். கம்பெனி ரோமத்தின் பாதையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள விரும்பியது. 1834-ல் குலாப் சிங்கின் தளபதி ஜோராவர் சிங் லடாக்கைப் பிடித்தார். 1841-ல் ரோமம் விளையும் மேற்குத் திபெத்துக்குள்ளேயே படையெடுத்துப் போய், அந்த டிசம்பர்க் குளிரில் அங்கேயே மாண்டார். அடுத்த ஆண்டு சுஷுலில் போட்ட சமாதானம் பழைய வணிக வழியைத் திரும்ப உறுதிசெய்தது. இத்தனைக்கும் நடுவில் ஆடு அதே இடத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

ஸ்ரீநகரில் நடந்தது வேறொரு கதை, அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். லேயிலிருந்து வந்த ரோமத்தை வீட்டுப் பெண்கள் கையால் பிரித்து, அரிசி மாவில் புரட்டி வைப்பார்கள். மாவு எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொண்டு இழைக்கு ஒரு வழுவழுப்பையும் பலத்தையும் கொடுக்கும். பிறகு யிந்தர் என்னும் ராட்டையில் நூற்பு. ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, மறு கை ரோமத்தை மேலே இழுத்துக்கொண்டே போகும். கொஞ்சம் அதிகம் இழுத்தால் அறுந்துவிடும், குறைவாக இழுத்தால் முடிச்சு விழும். நூற்ற நூலை அளந்து முடிபோட்டு, முடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்தக் கூலி ஒரு பெண் நாள் முழுக்க உட்கார்ந்து நூற்றாலும் குடும்பத்துக்குப் போதாத அளவில் நெடுநாள் இருந்தது. நூற்பவர்கள் குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நெசவாளர் நிலையும் அப்படித்தான். சால்வை வரியின் கொடுமை தாங்காமல் 1865 ஏப்ரலில் ஸ்ரீநகர் நெசவாளர்கள் ஊர்வலம் போனார்கள். மகாராஜாவின் டோக்ரா படையினர் தாக்க, தப்பிக்க ஓடியவர்களில் பலர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 1870-71-ல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டபோது பாரிஸ் சந்தை படுத்துவிட்டது. ஐரோப்பாவில் ஜக்கார்டு என்னும் இயந்திரத் தறியில் நெய்த போலிகள் ஏற்கெனவே குவிந்திருந்தன. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரின் பெயர் நம் மாங்காய் வடிவத்துக்கே நிலைத்துவிட்டது அந்தக் காலத்தில்தான்.

இப்போதும் போலிதான் பெரிய தலைவலி, ஆனால் அது இப்போது இழைக்குள்ளேயே புகுந்துவிட்டது. பஷ்ம் இழை மெல்லியதும் குட்டையானதும் என்பதால் இயந்திரத்தில் தனியே நூற்றால் அறுந்துபோகும். ஆகவே ஒரு செயற்கை இழையைத் துணைக்குச் சேர்த்து நூற்று, நெய்து முடித்தபின் அதைக் கரைத்தெடுக்கும் முறை வந்தது. துணி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கரைக்கும் ரசாயனம் பஷ்மின் மென்மையையும் ஆயுளையும் கொஞ்சம் தின்றுவிடும். காஷ்மீர் பஷ்மினா 2008-ல் புவிசார் குறியீடு பெற்றதும், ஸ்ரீநகரில் ஒரு பரிசோதனைக் கூடம் வைத்து, இழை 16 மைக்ரானுக்குள் இருக்கிறதா, கையால் நூற்றதா, கைத்தறியா என்று பார்த்து முத்திரை ஒட்டத் தொடங்கியதும் இதனால்தான். 2019-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் பஷ்மினாவை அடையாளம் காண ஒரு தரக் குறிப்பை வெளியிட்டது. உண்மையாக வாங்க நினைப்பவர் கேட்க வேண்டியது அந்த முத்திரையைத்தான்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடலாம். ஷாதூஷ் வேறு, பஷ்மினா வேறு. ஷாதூஷ் என்பது திபெத்திய மானினமான சிருவின் ரோமம். பஷ்மைவிடவும் நுண்ணியது. சிருவை வீட்டில் வளர்க்க முடியாது, கொன்றுதான் ரோமம் எடுத்தார்கள். அதன் வணிகம் சட்ட விரோதம். பஷ்மினாவுக்காக எந்த ஆடும் சாக வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பஷ்மினாவையும் ஒதுக்குவோர் இருக்கிறார்கள், அது மேய்ப்பருக்குச் செய்யும் அநியாயம்.

உலகின் காஷ்மீர் ரோமத்தில் பெரும்பங்கு சீனாவிடமிருந்து வருகிறது, அடுத்து மங்கோலியா. லடாக் தருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அளவில் போட்டி போட முடியாது என்பதால் தரத்தில்தான் பிழைக்க வேண்டும். இதற்காக ஆய்வுக்கூடங்களும் உழைத்தன. 2012 மார்ச்சில் ஸ்ரீநகர் அருகே ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தில் குளோனிங் முறையில் நூரி என்ற பஷ்மினா ஆடு பிறந்தது, நாளிதழ்கள் கொண்டாடின. அறிவியலாக அது சாதனைதான். அதே நேரம், கிடாவும் பெட்டையும் கேட்ட 1846 ஒப்பந்தத்தின் எண்ணத்தை இதில் நான் கேட்கிறேன்: ஆட்டைப் பெருக்கிவிட்டால் ரோமம் பெருகும். நூரி பிறந்து ஓராண்டு ஆவதற்குள், 2013 குளிர்காலக் கடைசியில், சாங்தாங்கில் எதிர்பாராமல் கொட்டிய பனியில் ஆயிரக்கணக்கான ஆடுகளும் குட்டிகளும் செத்தன. ஆட்டின் வம்சத்தில் குறை எதுவும் இல்லை. பனி புல்லை மூடிவிட்டது, கையிருப்பில் தீவனம் இல்லை, அவ்வளவுதான்.

சாங்பாக்களின் பிழைப்பு முழுக்க இந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது: குளிர்காலத்தில் எங்கே புல் வெளியே தெரியும்? கோடைக்கு ஓர் இடம், இலையுதிர் காலத்துக்கு ஓர் இடம், குளிருக்குத் தாழ்வான, காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடும் சரிவுகள். கோர்சோக், சமத், கர்னக் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி மேய்ச்சல் எல்லை உண்டு. கோபா என்னும் தலைவரும் பெரியவர்களும் எப்போது எங்கே பெயர்வது என்று முடிவெடுப்பார்கள். முந்திப் போய்க் குளிர்காலப் புல்லைத் தொட்டுவிடுவது பெரிய குற்றம், ஏனெனில் அது எல்லோரும் மார்ச் வரை பிழைக்க வேண்டிய சேமிப்பு. யாக் மயிரில் நெய்த கூடாரத்தை மடித்து ஏற்றிக்கொண்டு ஆண்டில் பல முறை இடம் மாறுவார்கள். கோடையில் கூடாரத்தின் முன் பால் கறப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பெட்டை ஆடுகளை எதிரெதிராக இரண்டு வரிசையில் நிறுத்தி, கழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்படி ஒரே கயிற்றில் கட்டியிருப்பார்கள். இருபுறமும் வால்தான் தெரியும். பெண்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறந்துகொண்டே போய், கடைசியில் கயிற்றின் நுனியை ஒரு இழு இழுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் விடுபடும்.

குட்டி போடும் காலம் பிப்ரவரி, மார்ச். ஆண்டின் கொடிய வாரங்கள் அவை. பிறந்த குட்டி அரைமணி நேரம் வெளியே கிடந்தால் உறைந்துவிடும் என்பதால் கூடாரத்துக்குள், கல் சுவர் எழுப்பிய குழிகளுக்குள், சில சமயம் மேய்ப்பரின் அங்கிக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். தாய் ஆட்டுக்கு அந்த நேரத்தில் புல் கிடைத்தால்தான் பால் சுரக்கும். ஆகவே குளிர்கால மேய்ச்சல் போனால் அடுத்த தலைமுறை மந்தையே போகிறது.

அந்தக் குளிர்கால மேய்ச்சல்தான் எழுபது ஆண்டுகளாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. திபெத்தைச் சீனா பிடித்தபின் 1959-லிருந்து அகதிகள் தங்கள் மந்தைகளோடு லடாக் வந்தார்கள். அதே நிலத்தில் வாய்கள் கூடின. 1962 போரோடு எல்லை மூடியது. அதற்கு முன் ஸ்ரீநகர்த் தறிகளுக்குப் போன ரோமத்தில் பெரும்பகுதி மேற்குத் திபெத்திலிருந்து வந்தது. எல்லை மூடியபின் சுமை முழுவதும் லடாக்கின் சாங்பாக்கள் மேல் இறங்கியது. ரோமத்துக்குத் தேவை ஏறியது, யாக்கையும் செம்மறியையும் குறைத்து ஆட்டை அதிகரித்தார்கள். அப்படியிருக்க, சிந்து நதிக்கரையின் குளிர்கால மேய்ச்சல்கள் எல்லைத் தகராறில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 2020-ல் கல்வான் மோதலுக்குப் பிறகு சுஷுல், பாங்காங் பக்கத்துச் சரிவுகளில் மேய்ப்பர்கள் போக முடியாதபடி ஆயிற்று. படைகள் பின்வாங்கியபோது நடுவில் யாரும் நுழையாத பகுதிகள் உருவாயின. அவற்றில் பல, ஆடுகள் பனிக்காலத்தைக் கழித்த இடங்கள். 2024 ஜனவரியில் நியோமா பகுதியில் மேய்ப்பர்கள் சீனப் படையினரை எதிர்த்து நின்று வாக்குவாதம் செய்யும் காணொளி வெளியாகி நாடு முழுக்கப் பரவியது. அவர்களது துணிச்சலைப் பாராட்டியவர்கள் அதிகம், அவர்கள் அங்கே ஏன் நின்றார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஜனவரியில் வேறெங்கும் புல் கிடையாது.

எதிரி நாடு ஒரு பக்கம் என்றால் வளர்ச்சித் திட்டம் இன்னொரு பக்கம். லடாக்கின் பாங் பகுதியில் 13 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திட்டம் வருகிறது. அதன் மின்கடத்திப் பாதைக்கு மட்டும் 20,773 கோடி ரூபாய்க்கு 2023 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வரைபடத்தில் அது வெற்றுப் பாலைவனம். கர்னக், சமத் கூட்டங்களுக்கு மேய்ச்சல் நிலம். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேய்ப்பருக்கு அந்த நிலத்தில் பட்டா கிடையாது, பரம்பரைப் பழக்கம் மட்டுமே உண்டு என்பதால் அவரைக் கேட்டு முடிவெடுக்கச் சட்டப்படி யாரும் கட்டுப்பட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். இந்த இரண்டு இழப்புகளையும் சேர்த்துக் காட்டத்தான் லடாக்கின் சமூகச் செயற்பாட்டாளர் சோனம் வாங்சுக் 2024 ஏப்ரலில் எல்லை நோக்கி ‘பஷ்மினா நடைப்பயணம்’ அறிவித்தார். தடையுத்தரவும் கெடுபிடியும் வந்ததால் அது கைவிடப்பட்டது.

2019-ல் லடாக் தனி யூனியன் பிரதேசமானபின் ரோமத்தின் மேல் அதன் உரிமைக்குரல் ஓங்கியிருக்கிறது. 2023-ல் லடாக் பஷ்மினாவுக்குத் தனிப் புவிசார் குறியீடு கிடைத்தது. லேயில் முரட்டு மயிரைப் பிரிக்கும் ஆலை மேய்ப்பர் கூட்டுறவின் கையில் இருக்கிறது. அங்கேயே நூற்று நெய்து விற்கும் பெண்கள் குழுக்கள் வளர்கின்றன. ரோமத்தைச் சாக்கோடு விற்பதற்கும் சுத்தம் செய்து விற்பதற்கும் கிடைக்கும் வித்தியாசம் மேய்ப்பர் வீட்டுக்கே போகுமென்றால் நல்லதுதான். ஸ்ரீநகரின் கைத்திறனுக்கு ஈடு கொடுக்க லேயின் தறிகளுக்கு இன்னும் காலமாகும்.

ஆனால் சீவுவதற்கு ஆள் வேண்டுமே. கர்னக் கூட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் மந்தையை விற்றுவிட்டு அல்லது உறவினரிடம் விட்டுவிட்டு லேக்கு அருகே குடியேறிவிட்டன. அந்தக் குடியிருப்புக்கே கர்னக்லிங் என்று பெயர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், முதியோருக்கு மருத்துவமனை, சாலை வேலையிலும் டாக்ஸியிலும் மாதாமாதம் வரும் காசு, இவைதான் காரணங்கள். ஊரில் எஞ்சிய சில குடும்பங்கள் முன்பு பலர் பகிர்ந்துகொண்ட இரவுக்காவலையும் ஓநாய்க்காவலையும் தாங்களே செய்கிறார்கள், அல்லது கூலிக்கு ஆள் வைக்கிறார்கள். அரசு இவர்களுக்குச் சீப்பு தருகிறது, கூடாரம் தருகிறது, குட்டிகளுக்குக் கொட்டகையும் குளிர்காலத்துக்குத் தீவனமும் தருகிறது. மேய்ச்சல் நிலத்தின் மேல் எழுத்தில் ஓர் உரிமை மட்டும் இதுவரை அந்தப் பட்டியலில் சேரவில்லை.